நோயோடு இருக்கையில் விவாகரத்து: வன்னியில் எதை முதலில் காப்பது, எதைப் பிறகு பார்ப்பது

புற்றுநோய், சிறுநீரக நோய், பாரிசவாதம் என்று ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகு குடும்பம் பிரிய நேர்ந்தால், பெரிய நட்டம் நீதிமன்றத்துக்குப் போக முன்னரே நடந்துவிடுவதுண்டு. பொலிஸ் நிலையத்திலோ வீட்டு விறாந்தையிலோ வாசிக்காமல் வைத்த ஒரு கையெழுத்து அதற்குப் போதும். ஆகவே வேலைகளை இந்த ஒழுங்கில் பாருங்கள்: முதலில் கடதாசிகள், அடுத்தது மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு, பிறகு காணி, அதன் பின் மரண சாசனமும் (உயில்) அற்றோணித் தத்துவமும் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). விவாகரத்து கடைசி. விவாகரத்து வழக்கு வருடக்கணக்கில் இழுபடலாம். மரண சாசனம் ஒரு நாள் வேலை. நோயாளிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கீழே சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பொதுச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்களுக்கு. முஸ்லிம் திருமணங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. அந்த வழி வேறு.

நோய் ஒரு காரணமே அல்ல

"வருத்தக்காரியோடு வாழ ஏலாது, கோர்ட் பிரிச்சுத் தரும்" என்று யாராவது வெருட்டினால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களைச் சொல்கிறது. திருமணத்துக்குப் பிந்திய பிறர்மனை உறவு. வேண்டுமென்றே கைவிட்டுப் போதல். திருமண வேளையிலேயே இருந்த, மாற்ற முடியாத ஆண்மைக்குறைவு அல்லது உடலுறவு கொள்ள இயலாமை. இந்த மூன்றிலும் புற்றுநோய் இல்லை, மனநோய் இல்லை, கால் வழங்காமல் போனது இல்லை. இருவரும் சம்மதித்தால் போதும் என்ற விவாகரத்தும் எங்கள் சட்டத்தில் இல்லை. "சம்மதப் பிரிவு" என்று ஊரில் சொல்வது, பெரும்பாலும் ஒருவர் "கைவிட்டுப் போனார்" என்று வழக்கு வைக்க மற்றவர் எதிர்க்காமல் விடுவதுதான்.

இதில் நோயாளிக்கு ஒரு பொறி இருக்கிறது. சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போகிறீர்கள். பிறகு பராமரிக்க ஆள் வேண்டும் என்று தாய் வீட்டில் 6 மாதம் நிற்கிறீர்கள். பிறகு ஒரு நாள் "என்னைக் கைவிட்டுப் போய்விட்டார்" என்ற வழக்கு வருகிறது. கைவிடுதல் என்பதற்குத் திரும்பிவரும் எண்ணம் இல்லாமல் போயிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போனது அதற்குள் அடங்காது. ஆனால் அதைக் காட்ட எழுத்து வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலேயே "இன்ன வைத்தியசாலையில் இன்ன சிகிச்சைக்காக, இன்னார் வீட்டில் தங்கப் போகிறேன்" என்று துணைவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வையுங்கள். இரு பக்க விதானையாருக்கும் (கிராம சேவகர்) தெரியப்படுத்துங்கள். வைப்பர் செய்தி, வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் அழிக்காமல், திகதி தெரியும்படி படமெடுத்து இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்து வைக்கக்கூடாத இடங்கள்

பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவில் ஒரு முறைப்பாடு போகிறது. இருபக்கமும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். கடைசியில் புத்தகத்தில் ஒரு வரி எழுதப்படுகிறது: "நாங்கள் இருவரும் எங்கள் விருப்பத்தின் பேரில் பிரிந்து வாழ்கிறோம்." களைத்துப் போயிருப்பவருக்கு அது சமாதானமான வரியாகத் தெரியும். கையெழுத்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

அந்த ஒரு வரி தாபரிப்புக் காசை, அதாவது துணைவர் தர வேண்டிய பராமரிப்புப் பணத்தை, தின்றுவிடக்கூடியது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் துணைவருக்குத் தாபரிப்புக் கட்டளை கிடையாது. (பிள்ளைகளின் தாபரிப்பை அது பாதிக்காது.) ஆகவே உங்கள் வாய்மொழி இப்படி இருக்கட்டும்: "எனக்கு வருத்தம். பராமரிப்பு இல்லாதபடியால் வேறு இடத்தில் இருக்கிறேன். பிரிந்து வாழ நான் சம்மதிக்கவில்லை. தாபரிப்பு வேண்டும்." எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படும் வெற்றுத் தாள், வெற்றுக் காசோலை, முத்திரை ஒட்டிய கடதாசி, "வங்கி வேலைக்குத்தான்" என்று சொல்லப்படும் அற்றோணி எதிலும் கை வைக்க வேண்டாம். மோர்பின் போன்ற வலிமருந்து எடுத்த நாளில் எந்த ஆவணமும் வேண்டவே வேண்டாம். அது உங்களுக்கும் பாதுகாப்பில்லை. பிறகு எதிர்ப்பக்கம் "மயக்கத்தில் வைத்தது" என்று வழக்காடவும் இடம் கொடுக்கும்.

ஃபைல்

சொப்பிங் பையில் மருந்துச்சீட்டும் பத்திரமும் கலந்து கிடப்பதுதான் வழமை. இரண்டு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். ஒன்றில் மூலப்பிரதிகள். அதை உங்களோடு ஒரே கூரையில் துணைவர் இருந்தால் சகோதரம், பெற்றோர் போன்ற நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். மற்றதில் போட்டோ கொப்பிகள், ஒவ்வொன்றிலும் மூன்று. ஒன்று சட்டத்தரணிக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு.

உள்ளே இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது பெர்மிட் (அரச காணி அனுமதிப் பத்திரம்), சீதன உறுதி, வங்கிப் புத்தகங்கள், அடகுத் துண்டுகள், கடன் ஒப்பந்தங்கள், காப்புறுதிப் பத்திரம், கிளினிக் கொப்பி, வைத்தியசாலை துண்டு வெட்டும்போது தந்த நோய் நிர்ணய அட்டைகள். 2009 போரில் எல்லாம் போய்விட்டதென்றால் பயப்பட வேண்டாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் எடுக்கலாம். உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் கிடைக்கும். பெர்மிட்டின் விபரம் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பதிவேட்டில் இருக்கும்.

போர்க்காலத்தில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. வழக்காற்றுச் சடங்குப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம் ஏற்கலாம். பதிவு இல்லை என்பதாலேயே நீங்கள் மனைவி இல்லை என்றாகாது. ஆனால் நிரூபிக்க வேண்டும். கலியாணப் படம், ஐயர் அல்லது போதகர், அருகில் இருந்த இரண்டு மூத்தவர்கள், குடும்ப அட்டை, வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் சான்றிதழில் தந்தை பெயர் எல்லாம் உதவும். பிள்ளைகளின் தாபரிப்புக்குத் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை.

மருத்துவ அறிக்கையைப் பற்றி ஒரு சொல். கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதுவது வைத்தியருக்கு விளங்குவது. நீதிமன்றத்துக்கு வேண்டியது மூன்று விடயம் சொல்லும் கடிதம்: நோய் என்ன, எவ்வளவு காலம் என்ன வேலை செய்ய முடியாது, என்ன சிகிச்சை எத்தனை நாளுக்கு ஒருமுறை. வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து அதைக் கேளுங்கள். கிளினிக் கொப்பியை யாராவது ஒளித்துவைத்தால் அல்லது மருந்தெடுக்க விடாமல் தடுத்தால் அதுவும் குடும்ப வன்முறை என்று வாதிட இடமுண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தால்தான் என்றில்லை. பாரதூரமான மனத்துன்புறுத்தலும் அதில் அடங்கும். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அதற்கு முன் இடைக்காலக் கட்டளையும் தரலாம். பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் விண்ணப்பம் நிரப்ப உதவுவார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மருந்துக் காசு: தாபரிப்பு வழக்கு

இதற்கு விவாகரத்து வழக்கு வேண்டாம், நீதவான் நீதிமன்றம் போதும். வசதியிருந்தும் பராமரிக்காத துணைவர் மீது, தன்னைத் தானே பராமரிக்க முடியாதவர் விண்ணப்பிக்கலாம். சட்டம் ஆண் பெண் பார்க்கவில்லை. ஆசிரியையாக இருக்கும் மனைவி மீது பாரிசவாதத்தில் கிடக்கும் கணவரும் வழக்கு வைக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துப் பல ஆண்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் இரண்டு வசனம்தான் சொல்லும்.

முதலாவது: "அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து சும்மாதானே." உண்மைதான். ஆனால் கிளினிக்குக்குப் போகச் சும்மா பஸ் இல்லை. ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிளினிக் நாள் என்று எழுதுங்கள். யார் கூட வந்தார், இருவரின் பஸ் காசு, ஓட்டோ, வெளியே செய்யச் சொன்ன இரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் இல்லை என்று வெளிப் பார்மசியில் வாங்கிய மருந்து, கொழும்பில் தங்கிய செலவு, வீட்டில் உதவிக்கு வரும் ஆளின் கூலி. பில்லை அந்தப் பக்கத்திலேயே ஸ்டேப்பிள் அடியுங்கள். ஓட்டோக்காரர் பில் தரமாட்டார். தொகையை எழுதி அன்றே திகதியிடுங்கள். நீதவானிடம் "மாதம் இவ்வளவு வேண்டும்" என்று வாயால் சொல்வதற்கும், மூன்று மாதக் கொப்பியைக் கையில் கொடுப்பதற்கும் வித்தியாசம் பெரிது.

இரண்டாவது: "எனக்கு வருமானமே இல்லை, கூலி வேலை." வன்னியில் வருமானம் சம்பளத் துண்டில் இருப்பது குறைவு. அது வயலிலும் கடலிலும் இருக்கும். எத்தனை ஏக்கர் காலபோகம், எத்தனை ஏக்கர் சிறுபோகம் விதைக்கிறார் என்பது கமநல சேவை நிலையப் பதிவுகளிலும் உர மானியப் பட்டியலிலும் தெரியும். வள்ளம் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகியிருக்கும். உழவு இயந்திரமும் லான்ட் மாஸ்டரும் மோட்டார் போக்குவரத்துப் பதிவில் இருக்கும். இந்தப் பெயர்களையும் இலக்கங்களையும் நீங்கள் எழுதிக் கொடுத்தால், சட்டத்தரணி நீதிமன்றத்தின் ஊடாக ஆவணங்களை அழைப்பிக்கலாம்.

கட்டளை வந்த பின் காசு வங்கிக் கணக்குக்கு வரும்படி கேளுங்கள். நோயாளி மாதாமாதம் நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை அதனால் குறையும். துணைவர் மாதச் சம்பளக்காரராக இருந்து தவறினால், சம்பளத்திலிருந்தே கழித்துத் தரும்படி கட்டளை கேட்கலாம். கட்டாமல் விட்டால் பிடியாணை, சிறை வரை போகும். நிலுவையை நீட்டவிட வேண்டாம். இரண்டு மாதம் தவறியதுமே நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்றங்களோடு சேர்ந்து இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். விதானையாரிடம் வதிவிடச் சான்றும் வருமானச் சான்றும் முதலே எடுத்துக்கொண்டு போனால் இரண்டு தரம் அலைய வேண்டாம். நடக்க முடியாதவருக்காக உறவினர் ஒருவர் முதலில் போய் விபரம் சொல்லலாம். ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

வங்கி, நகை, சேமலாப நிதி

கூட்டுக் கணக்கின் விதியை முதலில் பாருங்கள். "இருவரில் ஒருவர் எடுக்கலாம்" என்று இருந்தால், மற்றவர் நாளைக்கே முழுவதையும் எடுக்கலாம். அதில் வங்கிக்குப் பிழை இல்லை. இனி இருவரும் கையெழுத்து வைத்தால் மட்டும் காசு தரும்படி வங்கி முகாமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்குங்கள். உங்கள் ஏரிஎம் அட்டையின் இரகசிய இலக்கம் துணைவருக்குத் தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள். உங்கள் சிம் அவரின் பெயரில் பதிவாகியிருந்தால், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் இரகசிய இலக்கம் நாளைக்கு அவரின் கையில் போய்விடும். உங்கள் அடையாள அட்டையில் புதுச் சிம் எடுத்து வங்கியில் அதைப் பதியுங்கள்.

கை நடுங்கி, கையெழுத்து மாறிப் போனவர்கள் வங்கிக்குப் போகும் முதல் நாளே மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேவையானால் பெருவிரல் அடையாளத்துக்கு மாற்றலாம். பின்னர் "கையெழுத்து ஒத்துவரவில்லை" என்று திருப்பி அனுப்பும் நாளில்தான் மருந்துக்குக் காசு தேவைப்படும்.

அடகுத் துண்டு யாரின் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நகையை மீட்க முடியும். உங்கள் தாலிக்கொடியைத் துணைவரின் பெயரில் அடகு வைத்திருந்தால் துண்டின் படம் எடுங்கள், தவணைத் திகதியைக் குறியுங்கள், நகை உங்கள் சீதனம் என்று சட்டத்தரணி ஊடாக எழுத்தில் அறிவியுங்கள். தவணை முடிந்து ஏலத்துக்குப் போனால் வழக்கில் நகை கேட்க முடியாது, காசுதான் கேட்கலாம்.

ஆடைத் தொழிற்சாலை, கடை, நிறுவனம் என்று வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கும். தொழிலாளியின் 8 வீதமும் தொழில் தருநரின் 12 வீதமும் சேர்ந்த காசு அது. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் தனி. இரண்டு வேலைகள் பாருங்கள். ஒன்று, நிரந்தரமாக வேலை செய்ய இயலாத நிலை என்று மருத்துவம் சொன்னால் சேமலாப நிதியை வயதுக்கு முன் எடுக்கலாம். வேலையில் இருக்கும்போதே, குறைந்தது 10 வருடப் பங்களிப்பு உள்ளவர்கள் மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்கவும் வழி உண்டு. மற்றது, நியமனதாரர் (நீங்கள் இறந்தால் காசைப் பெறுபவர்) யார் என்று பாருங்கள். கலியாணம் முடித்த காலத்தில் எழுதிய பெயர் அப்படியே கிடக்கும். விவாகரத்து அந்தப் பெயரைத் தானாக அழித்துவிடும் என்று இருக்காதீர்கள். வங்கி வைப்பு, ஆயுள் காப்புறுதி எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒவ்வொன்றாகப் போய், புதுப் படிவம் நிரப்பி, முத்திரையிட்ட பிரதி வாங்கி வாருங்கள்.

அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு), நோயாளர் கொடுப்பனவு போன்றவை துணைவரின் கணக்குக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், பிரிந்து வாழும் நிலையை விதானையாரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றக் கேளுங்கள். இந்தக் கடிதத்திலும் "விருப்பத்தின் பேரில்" என்று எழுதிவிடாதீர்கள்.

காணி

உறுதிக் காணியும் பெர்மிட் காணியும் இரண்டு உலகம்.

வடமாகாணத்தில் நிரந்தரக் குடியிருப்புள்ள தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து) என்ற பிரிவும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இதில் வரும். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமையா பொதுச் சட்டமா என்பது அவரவர் நிரந்தரக் குடியிருப்பைப் பொறுத்து வழக்கில் தீர்மானிக்க வேண்டியது. சட்டத்தரணியிடம் குடும்பம் எங்கிருந்து எப்போது வந்தது என்பதை முதலே சொல்லுங்கள்.

தேசவழமையின் கீழ் மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ நன்கொடை எழுதவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு வேண்டாம். கணவர் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம். சிகிச்சைக்கு விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இது கைகொடுக்கும். வைத்தியரின் கடிதமும் செலவு மதிப்பீடும் அந்த விண்ணப்பத்தின் உயிர். "பிரச்சினை வரும், அண்ணனின் பெயருக்கு மாற்றி வைப்போம்" என்று கணவரின் சம்மதமின்றி எழுதும் நன்கொடை உறுதி நிற்காது. நின்றாலும் காணி அண்ணனுடையதாகிவிடும். அண்ணி என்று ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கலியாணத்துக்குப் பின் வாங்கிய தேடியதேட்டக் காணியில் "பாதி எனக்குத்தானே" என்று ஆறுதலாக இருந்துவிட வேண்டாம். உறுதி யாரின் பெயரில், காசு எங்கிருந்து வந்தது என்பவை கேள்வியாகும். வெளிநாட்டிலிருந்து உங்கள் சகோதரம் அனுப்பிய காசில் வாங்கியது என்றால் அந்த வங்கிப் பற்றுச்சீட்டை இப்போதே தேடி எடுங்கள். துணைவர் விற்க ஓடுகிறார் என்று தெரிந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தலும் பதியலாம்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழானவை. பெர்மிட் பெரும்பாலும் ஒருவரின் பெயரில். பெர்மிட்காரர் இறந்தால், பின்னுரித்தாளராக (அடுத்துக் காணி பெறுபவராக) வேறொருவர் எழுதப்பட்டிருந்தாலும், உயிரோடிருக்கும் துணைவர் அந்தக் காணியை அனுபவிக்கலாம். விற்க முடியாது. மறுமணம் செய்தால் உரிமை போகும். விவாகரத்தானவர் துணைவர் அல்ல, ஆகவே இந்த உரிமையும் இல்லை. நீங்கள் நோயாளி, காணியோ கணவரின் பெயரில், அதில்தான் வீட்டுத் திட்ட வீடு நிற்கிறது என்றால், விவாகரத்துக்கு அவசரப்படுவது உங்கள் கூரையை நீங்களே கழற்றுவது போன்றது. வீட்டையும் காணியையும் பற்றிய ஏற்பாட்டை வழக்கின் தீர்வுக்குள் எழுதியே ஆக வேண்டும். கணவர் இறந்துவிட்டால் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவர் இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுவது எளிது. பிரதேச செயலாளருக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

பெர்மிட் உங்கள் பெயரில் என்றால், பிள்ளையைப் பின்னுரித்தாளராக நியமிக்கும் படிவத்தைப் பிரதேச செயலகத்தில் நிரப்பிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அந்தப் பதிவு நீங்கள் உயிரோடிருக்கும்போதே நடந்திருக்க வேண்டும். படிவத்தைக் கொடுத்துவிட்டோம் என்று இருக்காமல், பதிந்ததற்கான இலக்கத்தை வாங்கும் வரை ஒருவரை விட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.

மரண சாசனமும் அற்றோணியும்

வழக்கு முடியுமுன் நீங்கள் இறந்துவிட்டால் அந்த விவாகரத்து வழக்கு அத்தோடு முடிந்தது. துணைவர் துணைவராகவே நின்று மரபுரிமை கேட்பார். இதற்கு மருந்து மரண சாசனம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறப் போகிறவர் சாட்சியாக நிற்கக்கூடாது, நின்றால் அவருக்கு எழுதியது செல்லாது. தேசவழமைக்குட்பட்ட மனைவிக்கும் தன் சொத்துக்கு மரண சாசனம் எழுதக் கணவரின் சம்மதம் வேண்டாம். முன்னர் துணைவருக்கு எழுதிய சாசனம் இருந்தால், விவாகரத்து அதை இரத்தாக்காது. புதிதாக எழுதி, பழையதை இரத்துச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

கட்டிலில் இருந்தபடியே எழுதலாம், நொத்தாரிசு வருவார். அன்றைய திகதியில் "இவர் தெளிந்த அறிவோடு இருக்கிறார்" என்று வைத்தியர் எழுதிய ஒரு துண்டு இருந்தால் பிற்காலச் சண்டை பாதியாகும். மருந்து மயக்கம் குறைந்த காலை நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகள் யாரோடு வளர வேண்டும் என்ற விருப்பத்தையும் எழுதுங்கள். நீதிமன்றத்தை அது கட்டாது, ஆனால் பிள்ளையின் நலன் பார்க்கையில் அந்த எழுத்தை வாசிப்பார்கள்.

அற்றோணித் தத்துவத்தில் இரண்டு பக்கம் உண்டு. வெளிநாடு போகையிலோ வேறு தேவைக்கோ துணைவருக்கு முன்பு கொடுத்தது இருந்தால், இரத்துப் பத்திரம் எழுதிப் பதிவாளருக்கு அறிவித்துப் பதியுங்கள். வங்கிக்கும் ஒரு பிரதி. கையிலிருந்த பத்திரத்தைக் கிழித்தால் இரத்தாகாது. புதிதாக ஒருவருக்குக் கொடுப்பதென்றால் எந்த வேலைக்கு என்று குறுக்கி எழுதுங்கள்: இன்ன வங்கியில் இன்ன கணக்கு, இன்ன வழக்கு. முக்கியமாக, உங்களுக்கு நினைவு தப்பிவிட்டால் அற்றோணி செல்லாது. இறந்தாலும் செல்லாது. அந்த நிலை வந்தால் உறவினர் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, சொத்தை நிருவகிக்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும்.

அழைப்பாணை வந்தால்

வழக்காளி தான் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். ஆகவே கொழும்பிலிருந்தும் அழைப்பாணை வரக்கூடும். படுக்கையில் இருப்பதால் போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பாணை கொடுத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது சிறியது: சட்டத்தரணிக்குப் பிரொக்சி (உங்களுக்காகத் தோன்றும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வைத்துக் கொடுங்கள், மருத்துவச் சான்றிதழ் கொடுங்கள். அவர் உங்களுக்காகத் தோன்றி மறுமொழி தாக்கல் செய்யத் தவணை கேட்பார். தெரியாமல் ஒருதலைத் தீர்ப்பாணை வந்துவிட்டால், அது உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள், வராமல் விட்டதற்கு நியாயமான காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். ஆஸ்பத்திரி அனுமதித் திகதிகளைக் காட்டும் நோய் நிர்ணய அட்டை அந்த இடத்தில்தான் பெறுமதி பெறுகிறது. 15ஆம் நாள் போனால் கதவு மிகவும் ஒடுங்கிவிடும்.

வழக்குத் தவணையும் கிளினிக் திகதியும் மோதும். கிளினிக் கொப்பியின் அடுத்த திகதிப் பக்கத்தைப் படமெடுத்து, தவணைக்கு முதல்நாளே சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். சாட்சி சொல்ல நீதிமன்றம் வர முடியாத அளவு நோய் என்றால், ஆணையாளர் ஒருவரை நியமித்து இருக்கும் இடத்திலேயே சாட்சியம் பதியக் கேட்கலாம். நோய் வேகமாக முற்றுகிறது என்றால் விளக்கத் தவணை (வழக்கு விசாரணை நாள்) வரும்வரை காத்திராமல் முற்கூட்டியே சாட்சியம் எடுக்கும்படி கேளுங்கள். சட்டத்தரணிக்கு நோயின் உண்மை நிலையை மறைத்தால் அவர் இதைக் கேட்கமாட்டார்.

வழக்கு நடக்கும் காலத்துக்கான பராமரிப்புப் பணத்தை அதே மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். எதிர்ப்பக்கத்தின் கடந்த 3 வருடச் சராசரித் தேறிய வருமானத்தைப் பார்ப்பார்கள். முன்பு சேர்த்த வயல், வள்ள விபரங்கள் இங்கேயும் உதவும். தீர்ப்பின்போது நிரந்தரப் பராமரிப்பு மாதக் காசாகவோ, மொத்தத் தொகையாகவோ, சொத்தை எழுதித் தரும்படியோ வரலாம். நோயாளிக்கு மொத்தத் தொகையோ சொத்தோ நல்லது. மாதக் காசு தருபவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ நின்றுவிடும்.

பிரிவா, விவாகரத்தா

துணைவர் அரச உத்தியோகத்தர் என்றால் ஒருதரம் நின்று யோசியுங்கள். விவாகரத்தானவருக்கு விதவைகள் ஓய்வூதியம் கிடையாது. அக்ரஹார மருத்துவக் காப்புறுதியிலும் துணைவராக இருக்க முடியாது. நீதிமன்றப் பிரிவு என்ற வழி உண்டு. சேர்ந்து வாழ முடியாத கொடுமையைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் பெறுவது. திருமணம் சட்டத்தில் நிற்கும், பராமரிப்பும் கேட்கலாம். மறுமணம் செய்யும் எண்ணமில்லாத நோயாளிக்கு இது பல நேரம் விவாகரத்தை விடப் பொருத்தம்.

விவாகரத்துத்தான் என்று முடிவானால், நீதிபதி தீர்ப்புச் சொன்ன அன்று கிடைப்பது டிகிரி நைசை, அதாவது இன்னும் முடிவாகாத தீர்ப்பாணை. 3 மாதம் கழிந்த பின்னரே அது அப்சலூட் (முடிவான தீர்ப்பாணை) ஆக்கப்படும். அந்த 3 மாதத்துக்குள் யாராவது இறந்தால் மற்றவர் விதவை அல்லது தபுதாரன்தான். அப்சலூட் ஆகிவிட்டதா என்று பதிவேட்டில் பார்த்து, சான்றுப்படுத்திய பிரதி 3 எடுங்கள்: ஒன்று பதிவாளருக்கு, ஒன்று காணிக் கிளைக்கு, ஒன்று மூல ஃபைலுக்குள்.